பள்ளியும் பட்டறையும்

மக்கட் பிறவியின் சிறப்புக்கு அறிவும் மொழியும் காரணங்கள் என்பதை யாவரும் ஒப்புவர். அவ்விரண்டனோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது கை. நெருப்பை மூட்டியதும், கல்லைக் கூராக்கியதும், சக்கரத்தை உருட்டியதும், ஓலையில் எழுத்தைப் பொறித்ததும் கையே. அங்ஙனமிருப்பவும், பள்ளியில் மொழிக்கும் அறிவுக்கும் பல பாடங்களை வகுத்த நாம், கைக்கு எழுதுகோல் பிடிக்கும் வேலையொன்றையே பெரும்பாலும் விட்டுவைத்திருக்கின்றோம். மின்னோட்டத்தைப் பற்றிய நெடுவினாவுக்குப் பிழையின்றி விடையெழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன், தன் வீட்டில் அணைந்துபோன விளக்கிற் பழுது கம்பியிலா சுவிட்சிலா என்று சோதித்தறிய மாட்டாது நிற்கிறான். இக்குறையை நீக்குதற்கு உயர்நிலைப் பள்ளிகளிற் பட்டறைக் கல்வி எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தை முன்னிறுத்தி ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். ஐ.டி.ஐ. என வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் அளிக்கப்படுவது ஒரு குறித்த தொழிலுக்கு ஆளை ஆயத்தஞ் செய்யும் பயிற்சி. அங்குப் பயின்றோர் பிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் என்னும் பெயரோடு வெளிவருவர். யான் கருதும் பட்டறைக் கல்வி அத்தகையதன்று. தமிழ்ப் பாடம் பயிலும் மாணாக்கர் அனைவரும் புலவராதல் இல்லை; ஆயினும் தம் கருத்தைத் திருத்தமாக எழுதவும் பேசவும் கற்றுக்கொள்கின்றனர். அதுபோலவே, பள்ளிப் பட்டறையிற் பயில்வோர் அனைவரும் தச்சரும் கொல்லரும் ஆகவேண்டுவதில்லை. அளத்தல், அறுத்தல், இணைத்தல், பிரித்தல், பழுது கண்டறிதல் என்னும் ஐந்தனையும் தம் கையால் அஞ்சாது செய்யக் கற்றல் போதும். பின்னாளில் மருத்துவராவாருக்கும் வழக்கறிஞராவாருக்கும் இல்லறம் நடத்துவார் யாவருக்கும் அப்பயிற்சி உதவும்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1866-ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயஸ் என்னும் லுத்தரன் குருவானவரின் முயற்சியால், கைவேலை நாட்டுப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாயிற்று. அதனைப் பின்பற்றிச் சுவீடனில் ஓட்டோ சாலமன் என்பார் நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்களைப் பழக்கினார். இவர்கள் முறைக்கு ஸ்லாய்டு என்று பெயர். 1868-ஆம் ஆண்டில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியின் தலைவராகிய விக்டர் தெல்லாவோஸ் என்பார் வேறொரு முறையை வகுத்தார். தொழிலாளியின் அருகிற் பல்லாண்டு நின்று பார்த்துப் பழகும் பழைய வழக்கை விடுத்து, ஒவ்வொரு தொழிலையும் சிறு சிறு செயல்களாகப் பகுத்து, எளியதினின்று அரியதற்கு ஏறும் படிவரிசையாக அவர் கற்பித்தார். 1876-ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரில் நடந்த பொருட்காட்சியில் இம்முறையைக் கண்ட அமெரிக்கர் தம் பள்ளிகளில் அதனை மேற்கொண்டனர். மாஸ்கோ முறையில் மாணவன் பொருத்துக்களை மட்டுமே செய்து பழகுவான். ஸ்லாய்டு முறையிலோ வீட்டிற் பயன்படும் ஒரு முழுப்பொருளைத் தானே செய்து முடிப்பான். இரண்டும் வேண்டற்பாலனவே. படிவரிசையின்றிக் கை திருந்தாது. முழுப்பொருள் இன்றேல் மனம் ஊன்றாது.

நம் தமிழ்நாட்டில் ஏடும் கருவியும் எஞ்ஞான்றும் பகைத்திருந்தன என்றல் பொருந்தாது. குறுந்தொகைப் புலவருள் ஒருவர் மதுரைப் பெருங்கொல்லன். மற்றொருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். தொழிற்பெயரைச் சுமந்த இவர்கள் செய்யுட்களைத் தொகுத்தோர் அதனை இழுக்கெனக் கருதினாரல்லர். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு உள்ளது. சுரங்களின் வகையை வகுத்த அறிவை நாம் போற்றுகின்றோம்; அதனைப் பாறையிற் பிழையின்றி வெட்டிய சிற்றுளியைப் பிடித்தவன் பெயரை அறியோம். ஆயினும் அவன் கை இல்லையேல் அவ்விசையிலக்கணம் நம்மை எட்டியிராது.

கிறிஸ்தவ ஊழியர்களும் இத்துறையில் உழைத்திருக்கின்றனர். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்து என்னும் ஊரில் கானன் மர்காஷிஸ் ஐயர் 1878-ஆம் ஆண்டிற் கைத்தொழிற் பள்ளியொன்றை நிறுவினார். தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிய காலம் அது. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவிற் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் பயனாக, ஜாகிர் உசேன் தலைமையில் ஆதாரக் கல்விக் குழு அமைந்தது. அக்குழுவின் அமைப்பாளராகவும், பின்னர் இந்துஸ்தானி தாலீமி சங்கத்தின் செயலாளராகவும் பணியாற்றிய இ. டபிள்யூ. ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர். கைத்தொழில் ஒன்றனை நடுவாக வைத்து, கணக்கையும் நிலநூலையும் அறிவியலையும் அதனோடு இணைத்துக் கற்பிப்பதே அத்திட்டத்தின் உயிர்நிலை.

இத்துணை முன்னோர் முயன்றும் இக்கல்வி நம்மிடையே வேரூன்றாமைக்குக் காரணம் யாது? அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. 1953-ஆம் ஆண்டிற் சென்னை இராச்சிய முதலமைச்சராயிருந்த இராஜாஜி, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடமென்றும், எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் தம் பெற்றோர் தொழிலைப் பழகலாமென்றும் ஒரு திட்டங் கொணர்ந்தார். வண்ணான் மகன் வண்ணானாகவும், தோட்டி மகன் தோட்டியாகவும் நிலைபெறுதற்கே இது வழியென்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954-ஆம் ஆண்டில் அவர் பதவி விலகினார். காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. அன்று முதல், பள்ளியிற் கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டவுடன் எளிய பெற்றோர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவது இயல்பாயிற்று.

அவ்வச்சத்தை யான் என் வீட்டிலேயே கண்டவன். என் தந்தையார் தச்சர். யான் சிறுவனாயிருந்தபோது அவருடைய இழைப்புளியைத் தொட்டால் என் கையினின்றும் வாங்கி வைத்துவிடுவார். “இது என்னோடு போகட்டும் தம்பி, நீ படிக்கிற வேலையைப் பார்” என்பார். கருவி பிடித்தவனுக்குத் திண்ணையில் இருக்கையும் கிடையாது என்பதைத் தம் வாழ்நாளில் உணர்ந்தவர் அவர். அவரைக் குறை கூறேன். ஆனால் இதனின்றும் யான் தெளிந்த உண்மை ஒன்றுண்டு. தச்சன் மகனுக்கு மட்டும் உளியைக் கொடுப்பது குலக்கல்வி. தாசில்தார் மகளுக்கும் தச்சன் மகனுக்கும் ஒரே பட்டறையில் ஒரே உளியைக் கொடுப்பது பொதுக்கல்வி. முன்னது சாதியை நிலைநிறுத்தும். பின்னது அதன் வேரில் வெந்நீர் வார்க்கும். ஆதலின் பட்டறைக் கல்வி அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும். மதிப்பெண் குறைந்தோர்க்கு மட்டும் ஒதுக்கப்படலாகாது. மேனிலை வகுப்புக்களில் 1978-ஆம் ஆண்டு முதல் தொழிற்பிரிவு நம் மாநிலத்தில் உண்டு. எனினும் வேறு பிரிவில் இடங் கிடையாதவர் சேருமிடம் அது என்னும் எண்ணம் பலரிடத்து நிலவுகின்றமை வருந்தத்தக்கது.

இனிப் புதுக்கோட்டையை நோக்குவோம். 1948-ஆம் ஆண்டு மார்ச்சு வரையில் தொண்டைமான் மன்னர் ஆட்சியிலிருந்த சமஸ்தானமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் சேர்ந்து, 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இம்மாவட்டம் உருவாயிற்று. மழையை நம்பிய கண்மாய்களும் ஆழ்குழாய்க் கிணறுகளும் இதன் உயிர். கிழக்கே கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் முதலிய கடற்கரையூர்களில் எஞ்சின் பூட்டிய படகுகள். வடக்கே விராலிமலை, மாத்தூர்ப் பக்கங்களில் இரும்புவேலைத் தொழிற்சாலைகள். நடுவே கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளிற் பூந்தோட்டங்களும் தென்னந்தோப்புக்களும். மோட்டாரும் பம்பும் வெல்டிங்கும் இல்லாத ஊர் இங்கில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபொழுது தென்னைகள் வேரொடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. குழாயில் நீரில்லை, ஜெனரேட்டர் கொண்டு நீரேற்ற அறிந்தவனைத் தேடி ஊரார் அலைந்தனர். கையறிவு ஓர் ஊருக்கு அணிகலனன்று, உயிர்நாடி என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இக்கல்வியை அமைக்கும் வகையை விளக்குதற்கு நம் இலக்கண நூலே எனக்கு வழிகாட்டுகின்றது. வினைச்சொல் ஒன்று ஆறு பொருள்களை உணர்த்தும் என்பர் நன்னூலார். தச்சன் பெட்டி செய்தான் என்றவழி, செய்தவன் ஒருவன், அவன் கொண்ட கருவி, செய்த இடம், செய்த தொழில், செய்த காலம், செய்யப்பட்ட பெட்டி என ஆறும் பெறப்படும். இவற்றுள் ஒன்று குறையினும் வினை நிரம்பாது. பள்ளியில் நிகழ வேண்டிய வினைக்கும் இவ்வாறும் இன்றியமையாதன. அவற்றை முறையே காண்பாம்.

முதலாவது, செய்வோன். எட்டாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரை உள்ள எல்லா மாணவரும் மாணவியரும் என்பதே இதற்கு விடை. மாணவியரைத் தையலுக்கும் சமையலுக்கும் அனுப்பி, மாணவரை மட்டும் பட்டறைக்கு அழைத்தல் தகாது. மாணவரும் ஊசி பிடித்துப் பொத்தான் தைக்கக் கற்றல் வேண்டும். புதுக்கோட்டை இவ்வகையில் நாட்டுக்கே முன்னோடி. இவ்வூரில் 1886-ஆம் ஆண்டிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே இடம்பெற்று, 1912-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1991-ஆம் ஆண்டிற் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அந்நாளிற் கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். ஓர் இலக்கத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் அங்ஙனம் கற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் எழுதினார். கல் உடைத்த பெண்ணும் களை பறித்த பெண்ணும் சக்கரத்தின் மேலேறியபொழுது, எழுத்தறிவும் இயந்திர அறிவும் ஒன்றையொன்று தாங்குதலை இம்மாவட்டம் கண்கூடாகக் கண்டது.

இரண்டாவது, கருவி. நிதி ஆயோக்கின் கீழ் 2016-ஆம் ஆண்டிற் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், ஆறு முதற் பன்னிரண்டு வகுப்பு வரையுள்ள மாணாக்கருக்காக ‘டிங்கரிங் லேப்’ என்னும் கூடங்களை அமைத்து வருகின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை நல்கப்படும். நாடெங்கும் 10,000 பள்ளிகளில் இவை அமைந்தன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. முப்பரிமாண அச்சுப்பொறி, சென்சார்கள், மைக்ரோ கண்ட்ரோலர் பலகைகள், மின்கருவிகள், அளவைக் கருவிகள், கைக்கருவிகள் ஆகியவை இவற்றில் இடம்பெறுவன. நம் மாநில அரசும் 2022-ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் வானவில் மன்றத்தைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவரிடம் அறிவியற் செய்முறைகளைக் கொண்டு சென்றது. இவை பாராட்டத்தக்கன.

ஆயினும் 20 இலட்சம் கிடைக்கும் வரையிற் காத்திருக்க வேண்டுவதில்லை. சிறந்த இயந்திரம் ஒன்று பெரும்பாலான மேனிலைப் பள்ளிகளின் வாயிலில் வரிசையாக நிற்கின்றது. 2001-ஆம் ஆண்டிற் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் ஏனையோருக்கும் விரிவுபடுத்தப்பட்ட விலையில்லாச் சைக்கிளே அது. அதனைத் தலைகீழாக நிறுத்தினால் அதுவே ஓர் இயந்திரநூல். பெடலோடு சேர்ந்த பெரிய பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரப் பிரீவீலில் 18 பற்களும் இருப்பின், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற, பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டராயின், ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். மாணவர் பற்களை எண்ணி, நூலால் அளந்து, கணக்கிட்டு, பின்னர் மைதானத்தில் ஓட்டிச் சரிபார்க்கலாம். வலப்பெடலின் மரை வலஞ்சுழியாகவும், இடப்பெடலின் மரை இடஞ்சுழியாகவும் இருப்பதைத் தம் ஸ்பானரால் உணர்ந்து, மிதிக்கும்போது பெடல் தானே கழன்று விடாதபடி அங்ஙனம் அமைந்தது என்று கண்டறியும் மாணவன், அதனை ஆயுள் முழுதும் மறவான். ஆகாய விமானத்தை 1903-ஆம் ஆண்டிற் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்களே. அவ்விமானத்தின் உந்திகளைச் சுழற்றியதும் சங்கிலியே. அவர்கள் ஒரு பேராயரின் மக்கள் என்பதையும் நம் கல்லூரி நண்பர்கள் நினைவிற் கொள்க.

மூன்றாவது, இடம். பட்டறைக்கு மாளிகை வேண்டா. காற்றும் வெளிச்சமும் வேண்டும். உறுதியான மேசை நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு வைஸ், சுவரிற் கருவிகளின் வடிவம் வரைந்த பலகை ஆகியன போதும். உளி தொங்கும் இடத்தில் உளியின் வடிவம் வரையப்பட்டிருப்பின், மணியடிக்குமுன் எக்கருவி திரும்பவில்லை என்பது ஒரே பார்வையிற் புலனாகும். மின்சாரம் வருமிடத்தில் மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருத்தல் வேண்டும். தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் சுழலும் இயந்திரத்தருகே ஆகா. இரும்பு இழைக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி இன்றியமையாதது. ஈயப்பற்று வைக்குங்கால் புகை வெளியேறச் சாளரம் திறந்திருத்தலும், பின்னர்க் கைகழுவுதலும் விதியாதல் வேண்டும்.

இவ்விடத்து மற்றொன்றும் கூற வேண்டும். யான் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்து, கண்ணாடி அலமாரியொன்றிற் கருவிகள் பல அழகுற அடுக்கியிருந்தன. மூன்றாண்டுகளில் அவ்வலமாரி பார்வையாளர் வரும் நாளன்றித் திறக்கப்பட்டதில்லை. காரணம் கேட்டபோது, “உடைந்தால் கணக்குக் காட்டுவது யார்?” என்ற விடை வந்தது. அவ்வாசிரியரைக் குறைகூறுவதிற் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு ரம்பம் குறைந்தால் அவர் சம்பளத்துக்கே கேடு நேருமென்று அவர் அஞ்சினார். பயன்படும் கருவி தேயும். பழகுங் கை சிலவற்றை முறிக்கும். ஆதலின் ஆண்டுதோறும் தேய்மானத்துக்கும் உடைவுக்கும் ஒரு தொகை ஒதுக்கி, தலைமையாசிரியரே கணக்கினின்று நீக்க அதிகாரம் அளித்தாலன்றி, எத்துணை இலட்சம் செலவிட்டாலும் அலமாரிகளே நிறையும். பட்டறை நன்கு நடக்கின்றதா என்று ஆராய வருவோர், கருவிகள் புதியனவாய் ஒளிர்கின்றனவா என்று பாராமல், அவற்றின் பிடிகள் கைபட்டு வழுவழுப்பாயிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

நான்காவது, தொழில், அஃதாவது செய்யும் முறை. மாஸ்கோ ஆசிரியர் வகுத்தவாறு படிவரிசை இங்கே வேண்டும். எட்டாம் வகுப்பில் அளவையும் மரவேலையும் தொடங்கலாம். மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, வெர்னியர் ஆகியவற்றைக் கையாளுதல் முதற்படி. வெர்னியரில் 9 மில்லிமீட்டர் நீளம் பத்துப் பகுதிகளாகப் பகுக்கப்பட்டிருத்தலால், ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு வரையில் அளக்கலாம் என்பது புத்தகத்தில் உள்ள செய்தி. தன் தலைமுடியின் பருமனை அதனால் அளக்க முயன்று, இயலாமை கண்டு, இதனினும் நுண்ணிய கருவி வேண்டுமென்று உணர்வது பட்டறைச் செய்தி. ரம்பத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் சாய்க்கப்பட்டிருத்தல், வெட்டு வாயை அகலமாக்கி ரம்பம் சிக்காமற் காத்தற்பொருட்டு என்பதையும், அரம் முன்னோக்கித் தள்ளும்போதே அராவும் என்பதையும், அக்கருவிகளே மாணவனுக்குக் கற்பிக்கும்.

ஒன்பதாம் வகுப்பிற் சைக்கிளும் இரும்புவேலையும், பத்தாம் வகுப்பில் மின்வேலையும் வைக்கலாம். மின்வேலையிலும் உயிருக்கு ஊறு செய்யாத ஐந்து வோல்ட்டிற் தொடங்குதல் நன்று. ஐந்து வோல்ட்டு மின்கலத்தோடு, இரண்டு வோல்ட்டு வேண்டும் சிவப்பு எல்.இ.டி. விளக்கையும், 220 ஓம் மின்தடையையும் தொடர்ச்சியாக இணைத்தால், எஞ்சிய மூன்று வோல்ட்டை 220-ஆல் வகுக்க, ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வரும். கணக்கிட்ட பின் மல்டிமீட்டரால் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டும் சிறிது வேறுபடும். ஏன் வேறுபட்டன என்று மாணவன் வினவும் அக்கணத்திலேதான் ஓமின் விதி அவனுக்குரிய உடைமையாகின்றது.

கற்பிக்கும் முறையிற் பொறுமை தலையாயது. சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையாரிடம் உளிவேலை கற்பிக்க வேண்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், பின்பு எழுந்து என் கையிற் கொடுத்தது உளியையன்று, சாணைக்கல்லை. மூன்று நாள் தீட்டுதல் அன்றி வேறு வேலை தந்திலர். மழுங்கிய கருவியே கையை வெட்டும், கூரிய கருவி சொன்னபடி கேட்கும் என்று அவர் கூறிய உண்மையை, நான்காம் நாள் மரத்தில் உளியை வைத்தபோது உணர்ந்தேன். இத்தகையோரைப் பள்ளிக்கு அழைத்து, அவர்க்குரிய ஊதியமும் ஆசிரியர் என்ற பெயரும் அளித்தல் வேண்டும். அறிவியலாசிரியர் காரணத்தை விளக்க, கைவினைஞர் முறையைக் காட்ட, இருவரும் ஒரே மேசையருகே நிற்பாராயின், அக்காட்சியே மாணவர்க்கு ஒரு பாடமாகும்.

ஐந்தாவது, காலம். தேர்வுப் பாடங்களுக்கே நேரமில்லையே என்று சிலர் வினவுவர். மராட்டிய நாட்டிற் புனே மாவட்டத்துப் பாபல் என்னும் சிற்றூரில், 1983-ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் எஸ். எஸ். கல்பாக் என்பார் விஞ்ஞான ஆசிரமம் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பெருந்தொழில் நிறுவனமொன்றின் ஆராய்ச்சிப் பதவியை விடுத்து அவ்வூரிற் குடியேறியவர் அவர். அந்நிறுவனம் வகுத்த அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம் என்னும் பாடம், உயர்நிலைப் பள்ளியின் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக்களில் வாரத்துக்கு ஒரு நாள் நடைபெறுவது. பொறியியல், ஆற்றலும் சுற்றுச்சூழலும், வேளாண்மையும் கால்நடையும், இல்லமும் உடல்நலமும் என்பன அதன் நான்கு பிரிவுகள். வாரத்தில் ஒரு நாள் போதும் என்பதற்கு இது சான்று. அந்நாளும் முழு நாளாதல் நன்று. நாற்பது நிமிட வேளையில் கருவியை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஆறாவது, செயப்படுபொருள். செய்யும் பொருள் எவர்க்கேனும் பயன்படுதல் வேண்டும். பாபலில் மாணவர் செய்யும் வேலைகளை ஊர்த்தேவையோடு பிணைத்தனர். கற்றலே ஊழியமும் ஆயிற்று. நம் மாவட்டத்துக்கு ஏற்ற பொருள்கள் பல. மேனிலைத் தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் மணி, தோட்டத்து மண்ணின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி, தொடக்கப் பள்ளிக்கு மரப்பலகை, முதியோர் பிடித்தேறச் சுவரிற் கைப்பிடி, ஊராரின் சைக்கிளுக்குத் திங்களுக்கு ஒரு நாட் பழுதுபார்ப்பு ஆகியன எளியன. கண்காட்சி முடிந்ததும் குப்பையிற் சேரும் அட்டை மாதிரிகளைவிட, ஊர்த் தொட்டியில் ஓராண்டு பழுதின்றி ஒலிக்கும் மணி மேலானது. அம்மணி ஒருநாள் ஒலியாது நின்றால், செய்த மாணவனே சென்று காரணங் காண்பான். செய்ததைப் பேணுதல் செய்தலினும் அரியது என்பதை வேறு எவ்விடத்தும் அவன் இத்துணைத் தெளிவாகக் கற்க மாட்டான்.

மதிப்பிடுதல் எங்ஙனம் எனின், எழுத்துத் தேர்வாற் பட்டறைக் கல்வியை அளத்தல் நீச்சலைக் கரையில் அளத்தலை ஒக்கும். மாணவன் ஒரு நாட்குறிப்பேடு வைத்து, செய்தது, பிழைத்தது, திருத்தியது என மூன்றனையும் எழுதி வருக. ஆண்டிறுதியில் ஆசிரியர் ஒரு பழுதான பொருளைக் கொடுத்து, அவன் அதனை அணுகும் முறையைப் பார்க்க. பழுதை நீக்கியவனுக்கே முழு மதிப்பெண் என்னாது, காரணத்தை ஒழுங்காகத் தேடியவனுக்கும் தக்க மதிப்பு அளிக்க. பிழைக்கு அஞ்சாத உள்ளம் இக்கல்வியின் முதற் பயன். பிழையைக் கண்டு வெறுக்கும் தேர்வுமுறை அதனை முளையிற் கிள்ளிவிடும்.

நம் ஆண்டவர் நாசரேத்திலே தச்சரெனப்பட்டார். திருத்தூதர் பவுல் கூடாரஞ் செய்து தம் கையால் உழைத்துண்டார். ஆலயத்தில் இச்செய்திகளைக் கேட்டுத் தலைவணங்கும் நாம், வெளியே வந்ததும் நம் ஊர்த் தச்சரை ஒருமையிற் கூப்பிடுவோமாயின், நாம் கேட்டது செவியோடு நின்றது என்பதே பொருள். நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் பலர் ஆசிரியராகச் செல்கின்றனர். அவருட் சிலரேனும் புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்ப் பள்ளிகளை அடைவர். அங்கே பூட்டிய அலமாரி ஒன்று இருக்குமாயின், அதன் சாவியைக் கேட்டு வாங்குவதே அவர்தம் முதற் பணியாகுக. வாயிலில் நிற்கும் சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, மாணவரையும் மாணவியரையும் சுற்றி நிற்கச் செய்து, அவ்வூர்ச் சைக்கிள் கடைக்காரரை “வாருங்கள் ஐயா” என்று வரவேற்பாராயின், நாம் ஈண்டு கூறிய ஆறும் அவ்விடத்தே ஒருங்கு கூடிவிடும், வினையும் தொடங்கிவிடும்.